தேங்காய்ப்பால் கோப்பி திரையுது, சம்பலுக்குள்ள மாசிக் கருவாடு: வீகன் ஆக்களுக்கு உப்புவெளியில என்ன குடுக்கலாம்?

உப்புவெளி ஐந்தறை (கேள்வி):

திருகோணமலை உப்புவெளியில ஐந்து அறை உள்ள சின்ன கெஸ்ட் ஹவுஸ். மே தொடக்கம் செப்டெம்பர் வரை சீசன். வாற ஆக்களில கொஞ்சப் பேர் வீகன்; இறைச்சி, மீன், முட்டை, பால், நெய், தேன் ஒண்டும் தொடமாட்டினம். கொழும்பில சின்ன வீகன் கஃபே ஒண்டில இரண்டு நாள் சாப்பிட்டுப்போட்டு வந்து அதே தேங்காய்ப்பால் கோப்பியும் அதே காலைச் சாப்பாடும் இங்கயும் கேக்கினம். சமையலுக்கு ஒரு அக்கா, இரண்டு அடுப்பு காஸ், ஒரு பிளெண்டர், கோப்பிக்கு பிரெஞ்ச் பிரெஸ். கோப்பி மெஷின் இல்லை, வாங்கிற எண்ணமும் இல்லை.

மூண்டு இடத்தில முட்டுது. தேங்காய்ப்பாலைக் கொதிக்க வைச்சுக் கோப்பிக்குள்ள ஊத்தினால் அரை நிமிசத்தில திரைஞ்சு மேல பூப்பூவாய் மிதக்குது. ஐஸ் கோப்பி இன்னும் மோசம், மெழுகுத் துண்டு மாதிரி வாயில தட்டுப்படுது. அடுத்தது, டவுனில சைவக்கடைச் சாப்பாடு எடுத்துக் குடுத்தால் "நெய் இருக்கா" எண்டு கேக்கினம். கடையில விசாரிச்சால் "சுத்த சைவம்" எண்டதுதான் பதில். கடைசியா, இரவு ரயிலில கொழும்புக்குத் திரும்பிற ஆக்கள் அங்க எப்பிடிச் சாப்பிடுறது எண்டும் கேக்கினம்.

அளவோட, காரணத்தோட சொல்லக்கூடிய ஆக்கள் எழுதுங்கோ.

தாச்சி:

முதல் சைவக்கடைக் கதையை முடிப்பம். அங்க பிரச்சினை சமையலில இல்லை, சொல்லில.

எங்கட "சைவம்" பாலையும் நெய்யையும் தனக்குள்ள வைச்சிருக்கிற சொல்லு. "வீகன்" எண்ட சொல்லை 1944இல இங்கிலாந்தில உண்டாக்கினதே பால் குடிக்கிற மரக்கறிக்காரரில இருந்து தங்களைப் பிரிச்சுக் காட்டத்தான். அதால கடைக்காரர் சொல்லுறது பொய்யில்லை, ஆனால் நீங்கள் கேட்டதுக்கு அது பதிலும் இல்லை.

"பால் போடாத சாப்பாடு" எண்டு கேட்டால் இன்னொரு குழிக்குள்ள விழுவீங்கள். எங்கட அடுப்படியில பால் எண்டால் தேங்காய்ப்பால். பால்கறி, பால்ச்சொதி, பாலப்பம், எல்லாம் தேங்காய்தான். பால் வேண்டாம் எண்டு சொன்னால் கடையில சொதியையும் கிழங்குப் பால்கறியையும் எடுத்துப்போட்டு, நெய்யில தாளிச்ச பருப்பைப் பத்திரமாக் கட்டித் தருவினம். இப்பிடிக் கேளுங்கோ: "நெய், மாட்டுப்பால், தயிர், முட்டை, மாசி, இந்த அஞ்சும் வேண்டாம். தேங்காய்ப்பால் பரவாயில்லை." கடைசி வசனத்தை விட்டிடாதேங்கோ.

இனிச் சாப்பாட்டுக்கு வருவம். இடியப்பம், பிட்டு, இட்டலி, உழுந்து வடை, தேங்காய்ச் சட்னி, பப்படம் எல்லாம் தானாகவே வீகன். தோசை மாவில ஒண்டும் இல்லை, ஆனால் கல்லில விடுறது எண்ணெயோ நெய்யோ எண்டு கேக்கவேணும். "நெய் றோஸ்ட்" ஊத்தின அதே கல்லில அடுத்த தோசை வந்தால் அதிலயும் நெய் ஒட்டும். மசாலாத் தோசைக்குள்ள வாற கிழங்கைச் சில கடையில பட்டர், மார்ஜரின் போட்டு வதக்குவினம். பொங்கல், கேசரி இரண்டையும் கேக்கவே தேவையில்லை, நெய் இல்லாமல் அது இல்லை. சாம்பாரில பயம் தாளிப்பில மட்டும். ரசம் பெரும்பாலும் எண்ணெய்த் தாளிப்பு. மத்தியானச் சோத்தில இரண்டு இடத்தில பிடிபடுவீங்கள்: பருப்புக்கு மேல கரண்டியால விடுற நெய், பொரிச்சு வைக்கிற மோர்மிளகாய். மோர்மிளகாய் தயிரில ஊறிக் காஞ்சது எண்டது கட்டித் தாற பெடியனுக்கு ஞாபகம் வராது.

பராட்டா மாவுக்குச் சில இடத்தில முட்டையோ டின் பாலோ சேர்ப்பினம், அடுக்குப் பிரியிறதுக்கு மார்ஜரின். மார்ஜரின் மரக்கறி எண்ணெய்தானே எண்டு விடாதேங்கோ, சில வகையில பால் திண்மம் இருக்கு. வீட்டில சுடுற தேங்காய் ரொட்டி பாதுகாப்பு. அப்பம் சுடுற தாச்சி ஒட்டத் தொடங்கினால் அதில முட்டை உடைச்சுத் தேய்ச்சுப் பழக்கிற வழமை இருக்கு, அதையும் ஒருக்கால் விசாரிக்கலாம்.

சைவக்கடையை விட்டு மற்றக் கடைக்குப் போனால் ஆட்டமே வேற. அங்க தேங்காய்ச் சம்பல், சீனிச் சம்பல், கட்டைச் சம்பல், பருப்பு, சில நேரம் கீரைச் சுண்டலிலகூட மாசி விழும். "மரக்கறிச் சாப்பாடு" எண்ட பலகையை நம்பி வாங்கிற ஆக்கள் அகப்படுறது இங்கதான், ஏனெண்டால் மாசியை மீன் எண்டு கணக்கெடுக்காமல் உப்புப் புளி மாதிரி ஒரு சேர்மானமாத்தான் பாக்கிறவை. சிங்களக் கடையில "உம்பலகட தான்ன எபா" (மாசி போடவேண்டாம்) எண்டு சொன்னால் விளங்கும். மாட்டுப்பாலுக்கு "எளகிரி", முட்டைக்கு "பித்தர". கடற்கரைத் தள்ளுவண்டிப் பருப்பு வடை இறால் வடை பொரிஞ்ச எண்ணெயிலதான் பொரியும். அது தெரிஞ்சும் சாப்பிடுற ஆக்கள் இருக்கினம், ஆனால் சொல்லிப்போட்டுக் குடுங்கோ.

இரண்டாம்பால்:

கோப்பி விசயம் என்ர பக்கம்.

சொதிக்குத் தேசிக்காய் (எலுமிச்சை) எப்ப பிழியிறது? இறக்கி, கொதி அடங்கினாப் பிறகு. கொதிக்கேக்க பிழிஞ்சால் என்ன வரும் எண்டு உங்கட அக்காவுக்கு நல்லாத் தெரியும். கோப்பியும் ஒரு தேசிக்காய்தான், கொஞ்சம் மெல்லிசான தேசிக்காய். அதின்ர பி.எச். (புளிப்பு அளவு, எண் குறையக் குறையப் புளிப்புக் கூட) 5க்குக் கிட்ட, தேங்காய்ப்பாலின்ரது 6க்குக் கிட்ட. தேங்காய்ப்பாலில எண்ணெய்த் துளி ஒவ்வொண்டையும் புரதம் தோல் மாதிரிப் போர்த்திருக்கு. 80 பாகை செல்சியசுக்கு மேல போனால் அந்தத் தோல் வெள்ளைக்கரு வேகிற மாதிரி இறுகும். புளிப்புச் சேர்ந்தால் ஒண்டோடை ஒண்டு ஒட்டிக் கட்டியாகும். நீங்கள் பாலைக் கொதிக்க வைச்சுத் தோலை முதலே கெடுத்துப்போட்டு, பிறகு புளிப்புக்குள்ள ஊத்துறீங்கள்.

இப்பிடிச் செய்து பாருங்கோ. நல்லா முத்தின தேங்காய் ஒண்டு, ஏறக்குறைய 300 கிராம் தேங்காய்ப்பூ (துருவல்) வரும். 300 மில்லிலீற்றர் தண்ணி, கை பொறுக்கிற சூடு, அதுக்கு மேல வேண்டாம். பிளெண்டரில 20 செக்கன், விட்டு விட்டு. நீட்டி அடிச்சால் பிளேட் சூட்டில எண்ணெய் பிரியும். மெல்லிய வெள்ளைத் துணியில பிழிஞ்சு எடுத்தால் முதற்பால். அதே பூவுக்கு 250 மில்லிலீற்றர் விட்டு இரண்டாம்பால். கோப்பிக்கு இரண்டையும் சரிக்குச் சரி கலக்கவேணும். தனி முதற்பால் கொழுப்புக் கூடி மேல எண்ணெய் வட்டம் போடும், தனி இரண்டாம்பால் கோப்பியைக் கழனித்தண்ணி ஆக்கிவிடும். கலந்ததை இன்னொருக்கால் துணியில வடியுங்கோ. சக்கை நிண்டால் குடிக்கிற ஆள் அதையும் திரைஞ்சது எண்டுதான் நினைப்பார்.

சூடாக்கேக்க சட்டியை விட்டு நகராதேங்கோ. 60 முதல் 65 பாகை போதும். தெர்மோமீற்றர் இல்லையெண்டால் இப்பிடிப் பாருங்கோ: மேல மெல்லிசா ஆவி எழும்பவேணும், ஆனால் சட்டி ஓரத்தில ஒரு சின்னக் குமிழிகூட வரக்கூடாது. குமிழி கண்டால் பிந்திப் போச்சு, அதைச் சொதிக்கு எடுத்துப்போட்டு வேற பால் வையுங்கோ.

கோப்பியைப் பிரெஸ்ஸில 4 நிமிசம் ஊறவிட்டு, அழுத்தி, ஜக்கில ஊத்தி இன்னும் 2, 3 நிமிசம் விடுங்கோ. முதலில பாலைக் கோப்பையில ஊத்துங்கோ, 120 மில்லிலீற்றர். அதுக்குள்ள 60 மில்லிலீற்றர் கடுங்கோப்பியை நூலா ஊத்திக்கொண்டே கலக்குங்கோ. மாறி ஊத்தினால் முதல் விழுற பால் முழுப் புளிப்புக்குள்ள தனிய மாட்டும். கருக வறுத்த தூள் எடுங்கோ, இளவறுப்பில புளிப்புக் கூட. பிளாஸ்கில இரண்டு மணித்தியாலம் கிடந்த கோப்பி நேரம் போகப் போகப் புளிக்கும், அதால காலையில போட்டதைப் பத்து மணிக்கு எடுத்துக் கலந்தால் திரையும்.

ஐஸ் கோப்பியில நடக்கிறது வேற கதை. அது திரையல் இல்லை. தேங்காய் எண்ணெய் 24 பாகைக்குக் கீழ உறையும். ஐஸ் கட்டி பட்ட இடத்தில கொழுப்புக் கட்டிபட்டு மெழுகாகுது. மார்கழிக் குளிரில யன்னலடிப் போத்தலில தேங்காய் எண்ணெய் வெள்ளையாகிற அதே சங்கதி. எவ்வளவு கலக்கினாலும் மாறாது, வேற பால் எடுக்கவேணும்.

பிழிஞ்ச பாலை வெளியில வைக்காதேங்கோ. கச்சான் காற்று அடிக்கிற ஆனி ஆடியில மூண்டு மணித்தியாலத்தில மணம் மாறும். புளிக்கத் தொடங்கின பால் எந்தச் சூட்டிலயும் திரையும். பிரிஜ்ஜில எண்டாலும் அண்டைக்கே முடியுங்கோ.

உப்புவெளி ஐந்தறை:

விளங்கிச்சு, பிழை முழுக்கக் கொதியில. இரண்டு கேள்வி. தேங்காய் விலைக்கு ஒரு கோப்பிக்காக ஒண்டை உடைக்கேலாது, பவுடர் பாவிக்கலாமோ? ஐஸ் கோப்பிக்கு எந்தப் பால்?

கஜுத்தோல்:

பவுடர் வாங்க முந்திப் பெட்டியின் பின்பக்கத்தைக் கட்டாயம் வாசிங்க. தேங்காய்ப்பால் பவுடர் பலதில் "சோடியம் கேசினேட்" சேர்த்திருப்பார்கள். அது மாட்டுப்பால் புரதம். கொழுப்பான பாலை மாவாக உலர்த்தும்போது கட்டிபடாமல் பிடித்து வைக்கிறது அதுதான். முன்பக்கத்தில் தேங்காய்ப் படம், உள்ளே மாடு. கோப்பிக்குப் போடும் கிரீமர் பவுடரிலும் இதே கேசினேட் வரும், "பால் சேராதது" என்று எழுதியிருந்தாலும். பெட்டியில் வரும் திரவத் தேங்காய்ப்பாலில் பெரும்பாலும் இது இல்லை, இருந்தாலும் வாசியுங்க.

கொழும்பு கஃபேக்களில் தேங்காய்ப்பால் திரையாமல் நிற்பதற்கு ஒரு காரணம் கைத்திறன், இன்னொரு காரணம் பெட்டி. "பரிஸ்டா" என்று எழுதி வரும் தாவரப் பால்களில் புளிப்பைத் தாங்க பொஸ்பேட் உப்பும், அடியில் படியாமல் நிறுத்த ஜெலன் பிசினும் போட்டிருப்பார்கள். அந்த உப்பு செய்யும் வேலையை வீட்டில் அப்பச்சோடா செய்யும்: அரை லீற்றர் பாலுக்கு ஒரு சிட்டிகை, சூடாக்க முந்தி. கூடினால் சவர்க்கார வாடை. இரண்டாம்பால் சொன்ன முறையில் செய்தால் சோடாவே தேவைப்படாது, புளிப்பான தூள்தான் கையில் இருக்கிறது என்றால் மட்டும் போடுங்க.

ஐஸ் கோப்பிக்குக் கஜுப்பால் (முந்திரிப் பருப்புப் பால்). 100 கிராம் பச்சைக் கஜு, முழுசு வேண்டாம், உடைஞ்ச கஜு விலை குறைவு. நாலு மணித்தியாலம் ஊறவைத்து அந்தத் தண்ணியைக் கொட்டுங்க. 500 மில்லிலீற்றர் குளிர்ந்த தண்ணி, ஒரு சிட்டிகை உப்பு, பிளெண்டரில் இரண்டு நிமிடம். நன்றாக அரைந்தால் வடிக்கவே தேவையில்லை. பிரிஜ்ஜில் இரண்டு நாள் இருக்கும். இதைச் சூடாக்கினால் கஜுவில் இருக்கும் மாச்சத்து இறுகிக் கூழாகும், அதனால் குளிர் பானத்துக்கு மட்டும்.

இன்னும் மலிவு என்றால் சோயாப்பால், ஆனால் மினக்கேடு. 100 கிராம் சோயாக் கொட்டைக்கு ஏறக்குறைய 900 மில்லிலீற்றர் தண்ணி. எட்டு மணித்தியாலம் ஊறவேண்டும். எங்கள் ஊர் வெக்கையில் வெளியில் ஊறவிட்டால் அதற்குள்ளேயே நுரைத்துப் புளிக்கும், பிறகு காய்ச்சும்போது பால் தானாகத் திரையும். பிரிஜ்ஜில் ஊறவையுங்க. கொதிதண்ணி விட்டு அரைத்தால் பச்சைக்கொட்டை வாடை குறையும். வடித்ததைக் குறைந்தது 15 நிமிடம் காய்ச்சவேண்டும், சும்மா ஒரு கொதி காட்டி இறக்கினால் வயிற்றைக் குழப்பும். பொங்கி வழிவதில் மாட்டுப்பாலை வெல்லும், அதனால் பால் அளவைப்போல் மூன்று மடங்கு பெரிய சட்டி எடுங்க. நுரை வேண்டும் என்பவர்களுக்கு இதுதான் நல்லது. தேங்காய்ப்பாலில் கொழுப்பு கூட, புரதம் குறைவு, எவ்வளவு அடித்தாலும் நுரை நிற்காது.

ஒரு எச்சரிக்கை. கஜு, கச்சான் (நிலக்கடலை) ஒவ்வாமை உள்ளவர்கள் வருவார்கள். முன்கூட்டியே கேளுங்க. கஜு அரைத்த பிளெண்டரில் ரப்பர் வளையத்துக்குக் கீழ் மிச்சம் நிற்கும், கழற்றிக் கழுவாமல் அதில் தேங்காய்ப்பால் எடுத்துக் கொடுக்காதீங்க.

கோட்டை மேடை:

கொழும்புக்குப் போகிறவர்களுக்கு. இரவு ரயில் கொழும்புக் கோட்டை ஸ்டேசனுக்கு விடியப்புறமே போய்ச் சேர்ந்துவிடும். அந்த நேரத்தில் எந்தச் சின்னக் கஃபேயும் திறந்திருக்காது. கரையோரப் பாதை ரயில் பிடித்தால் கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, அடுத்தது வெள்ளவத்தை. ஸ்டேசனில் இருந்து காலி வீதிக்குக் கொஞ்ச நடை, அங்கே சைவக்கடைகள் காலையிலேயே சுடச்சுட இட்டலி வைத்திருப்பார்கள். தாச்சி எழுதிய அந்த ஐந்து சொல்லை ஒரு துண்டில் தமிழில் எழுதி விருந்தாளி கையில் கொடுத்து அனுப்புங்க, அது அங்கேயும் செல்லும்.

கஃபேயை மத்தியானத்துக்கு வைப்பது நல்லது. போகமுதல் போன் பண்ணிக் கேட்கவேண்டியது இரண்டே விசயம்: இன்றைக்குத் திறந்திருக்கா, இன்றைக்கு என்ன இருக்கு. நாலைந்து மேசை உள்ள இடத்தில் அன்றன்றைக்கு வாங்கிய காய்கறிக்குத்தான் சமையல், இரண்டு மணிக்குப் போய் மெனுவைக் காட்டினால் பாதி முடிந்திருக்கும். முழுக்க வீகன் கடையா, வீகன் சாப்பாடும் உள்ள கடையா என்பதையும் பார்க்கவேண்டும். இரண்டாவது வகையில் ஒரே ஸ்டீம் குழாயால் மாட்டுப்பாலும் சோயாப்பாலும் சூடாக்குவார்கள். குழாயைத் துடைத்து ஒருமுறை ஆவி விட்டுவிட்டுப் போடச் சொல்லிக் கேட்கலாம், யாரும் கோபிக்கமாட்டார்கள்.

மெனுவில் "போல்" (bowl) என்று வருவது பயப்படும் சாமான் இல்லை. ஒரு கோப்பையில் சோறோ தானியமோ, ஒரு பருப்புவகை, பச்சையாக ஒன்று, வேகவைத்ததாக ஒன்று, மேலே ஒரு சோஸ். சிவப்பரிசிச் சோறு, கடலை, வல்லாரைச் சம்பல், பூசணி, கச்சான் சோஸ் என்று போட்டால் உப்புவெளியிலும் அதேதான். சோஸில் தேன் இருக்கா என்று மட்டும் கேட்கவேண்டும், கைதவறிப் போவது அதுதான். தேனுக்குப் பதில் கித்துள் பாணி (கித்துள் மரத்துப் பதநீரைக் காய்ச்சிய பாகு) போதும்.

தாச்சி:

காலைச் சாப்பாட்டைப் பற்றி ஒருத்தரும் எழுதேல்லை. கொழும்பில தாறதைக் கொப்பி அடிக்கிறதிலும் பாக்க உங்கட அக்காவுக்குக் கை வந்ததைக் குடுங்கோ. இடியப்பம், சொதி, சம்பல், ஒரு வாழைப்பழம். சம்பலுக்கு அரைத் தேங்காய்ப்பூ, செத்தல் மிளகாய் 8, சின்ன வெங்காயம் 6, உப்பு ஒரு தேக்கரண்டி, அரைத் தேசிக்காய். மிளகாயையும் உப்பையும் முதல் இடிச்சு, பிறகு வெங்காயம், கடைசியாத் தேங்காய்ப்பூ. புளியைப் பரிமாறுற நேரம் விடுங்கோ, முந்தி விட்டால் தண்ணி விட்டுப் பிசுபிசுக்கும். மாசி இல்லாமல் சப்பெண்டு இருக்கு எண்டால் ஒரு மேசைக்கரண்டி உழுந்தைப் பொன்னிறமா வறுத்து மிளகாயோட சேர்த்து இடியுங்கோ. மாசி இடிச்ச உரலைப் பாவிக்காதேங்கோ, கல்லில ஏறின மணம் கழுவிப் போகாது. வீகன் ஆக்களுக்கு அது மூக்கில முதல் தெரியும்.

முட்டை இல்லாத பான்கேக் கேட்டால்: கோதுமை மா 150 கிராம், மெல்லிசான தேங்காய்ப்பால் 250 மில்லிலீற்றர், எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி, உப்பு, நிறத்துக்கு மஞ்சள் நுனிவிரல் அளவு. கலந்து அரை மணித்தியாலம் வைக்கவேணும். வைக்காமல் ஊத்தினால் திருப்பேக்க கிழியும், ஏனெண்டால் பிடிச்சு வைக்க முட்டை இல்லை, மா தண்ணியைக் குடிச்சுத்தான் பிடிக்கவேணும். ஓரம் தானாக் கிளம்பினாப் பிறகுதான் திருப்பலாம். உள்ளுக்குத் தேங்காய்ப்பூவும் கித்துள் பாணியும் வைச்சுச் சுருட்டுங்கோ.

இனிப்புக்கு இராசவள்ளிக்கிழங்குக் களி இருக்கேக்க வேற ஒண்டும் தேடாதேங்கோ. கிழங்கு, தேங்காய்ப்பால், சீனி, உப்பு, அவ்வளவுதான். அந்த ஊதா நிறத்தைப் பாத்தாலே படம் எடுக்கத் தொடங்கிடுவினம். வட்டிலப்பம் மட்டும் வேண்டாம், அது முழுக்க முட்டை.

உப்புவெளி ஐந்தறை:

எல்லாருக்கும் நன்றி. ஒண்டே ஒண்டு: இரவில மரக்கறிக் கொத்து கேக்கினம். பக்கத்துக் கடையில ஒரே தகட்டிலதான் முட்டைக் கொத்தும் அடிக்கினம். என்ன செய்யலாம்?

தாச்சி:

கடை திறந்தவுடனே, தகடு சுத்தமா இருக்கேக்க முதல் கொத்தா அடிப்பிச்சு எடுங்கோ. ஆறரைக்குள்ள போனால் கிடைக்கும். பிந்தினால் தகட்டில தண்ணி தெளிச்சுச் சுரண்டச் சொல்லுங்கோ, கொத்துற தகடு இரண்டையும் சேர்த்து. ரொட்டிக்கு முட்டை சேர்க்காத கோதம்ப ரொட்டி எடுக்கச் சொல்லுங்கோ. "முட்டை வேண்டாம்" எண்டு சொன்னாலும் அடிக்கிறவரின்ர கை பழக்கத்தில தானா முட்டைக்குப் போகும், அதால தகட்டுக்குப் பக்கத்தில நிண்டு பாருங்கோ. கடைசியில குழம்பு ஒரு கரண்டி விடுவார், அது கோழிக் குழம்பு. அதுக்கு உங்கட வீட்டுப் பருப்பில ஒரு கோப்பை கொண்டுபோய்க் குடுங்கோ.